பின்லாந்துப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி: 2019-ல் செல்லாமல் போன கோலும், இன்னும் எட்டாத தங்கமும்

கேள்வி இது: 2019 பெண்கள் ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப் இறுதியில் பின்லாந்து கோல் அடித்துக் கொண்டாடிய பிறகும் தங்கம் அமெரிக்காவுக்குப் போனது ஏன், அந்தத் தீர்ப்பு சரிதானா? ஆண்கள் ஆட்டத்தில் உலக சாம்பியனாகும் ஒரு நாடு, பெண்கள் ஆட்டத்தில் ஏன் மூன்றாம் இடத்திலேயே நிற்கிறது?

இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்வியின் வலி புரிய இரண்டாவது கேள்வியின் பதில் தேவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோலை ரத்து செய்ய விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது உண்மை. ஆனால் அன்று களத்தில் கொடுக்கப்பட்ட முடிவின் ஒரு பாதி மறு பாதியோடு பொருந்தவில்லை. பின்லாந்துப் பெண்களுக்குத் தங்கம் எட்டாததற்கு வேர் அந்த ஒரு இரவில் இல்லை. யாருக்குச் சம்பளம் கிடைக்கிறது, எத்தனை சிறுமிகள் ஸ்கேட் கட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் அடிப்படை. ஒரு பக்கம் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் பக் என்ற கெட்டியான ரப்பர் வில்லை. ஆண்கள் ஆட்டத்தைப் போல எதிராளியை உடம்பால் இடித்துத் தள்ளுவதற்குச் சர்வதேசப் பெண்கள் போட்டிகளில் அனுமதி இல்லை. தவறு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அந்த நேரம் அவருடைய அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். கோல் கம்பத்துக்கு முன்னால் நீல நிறத்தில் ஒரு சின்ன அரைவட்டம் இருக்கும், அதுதான் கோல்கீப்பரின் கிரீஸ். இந்தக் கிரீஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2019-ல் எல்லாமே அதைச் சுற்றித்தான் நடந்தது.

சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தோடு பெண்கள் உலக சாம்பியன்ஷிப் முதன்முதலில் நடந்தது 1990-ல், கனடாவின் ஒட்டாவாவில். அன்றிலிருந்து 2025 வரை 24 முறை நடந்திருக்கிறது. கனடா 13, அமெரிக்கா 11. வேறு எந்த நாடும் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. ஒலிம்பிக்கில் 1998 முதல் 2022 வரை நடந்த ஏழு போட்டிகளில் கனடா ஐந்து தங்கம், அமெரிக்கா இரண்டு. இறுதிப்போட்டிக்கு வருவதே மற்றவர்களுக்கு அரிது. 2006 டுரின் ஒலிம்பிக்கில் கிம் மார்ட்டின் என்ற கோல்கீப்பரை நம்பி ஸ்வீடன் அமெரிக்காவை அரையிறுதியில் ஷூட்அவுட்டில் (ஆட்டம் சமனானால், ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் சுற்று) சாய்த்தது. உலக சாம்பியன்ஷிப்பில் அப்படி உள்ளே நுழைந்த ஒரே நாடு பின்லாந்து. அது 2019.

அந்த ஆண்டுப் போட்டி பின்லாந்தின் எஸ்போ நகரில் நடந்தது, ஹெல்சின்கியை ஒட்டிய ஊர். குழுச் சுற்றில் பின்லாந்து அமெரிக்காவிடம் 6-2, கனடாவிடம் 6-1 என்று தோற்றது. வழக்கமான கதைதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். காலிறுதியில் செக் அணியை வென்று, அரையிறுதியில் மறுபடி அதே கனடா. இந்த முறை பின்லாந்து 4-2 என்று ஜெயித்தது. கனடா இல்லாத ஓர் உலக இறுதிப்போட்டி அதற்கு முன் நடந்ததே இல்லை. கனடாவின் தலைவி மரி பிலிப் பூலன் காயத்தால் வெளியே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அது பின்லாந்து சம்பாதித்த வெற்றிதான். ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்ற ஓர் அணி ஒரே வாரத்தில் திரும்பி வந்து அதே எதிரியை ஜெயிப்பது சாதாரண விஷயமா?

இறுதிப்போட்டி ஏப்ரல் 14. அரங்கம் நிறைந்திருந்தது, ஆறாயிரம் பேர். எதிரணி தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்ற, 2018 ஒலிம்பிக் தங்கத்தையும் கையில் வைத்திருந்த அமெரிக்கா. இரண்டாம் பகுதியில் கெல்லி பானெக் அமெரிக்காவுக்கு முன்னிலை வாங்கித் தந்தார். மூன்றாம் பகுதியில் சூசன்னா தபானி சமன் செய்தார். மற்றபடி ஆட்டம் பெரும்பாலும் பின்லாந்தின் பக்கத்திலேயே நடந்தது, அங்கே நூரா ராட்டி நின்றுகொண்டிருந்தார். எஸ்போவிலேயே பிறந்தவர். அன்று அவர் தடுத்த ஷாட்கள் 50.

1-1 என்று ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. ஓவர்டைமில் முதல் கோல் அடிப்பவர் சாம்பியன். பதினோரு நிமிடம் கடந்திருந்தபோது பின்லாந்தின் தலைவி யென்னி ஹீரிகொஸ்கி கோலை நோக்கிப் பாய்ந்தார். அமெரிக்க கோல்கீப்பர் அலெக்ஸ் ரிக்ஸ்பி கிரீஸை விட்டு வெளியே வந்து தடுக்க விழுந்தார். இருவரும் மோதினார்கள். பக் விலகி ஓடியது, பின்னால் வந்த பெத்ரா நியமினென் அதை எடுத்துக் காலியாக இருந்த கோலுக்குள் தள்ளினார்.

பின்லாந்து வீராங்கனைகள் கையுறைகளையும் மட்டைகளையும் ஹெல்மெட்டுகளையும் வீசி எறிந்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது. அப்புறம் வீடியோ ரிவ்யூ. நீண்ட நேரம் ஓடியது. முடிவு: கோல் செல்லாது. எறிந்த மட்டைகளைத் தேடி எடுத்துக்கொண்டு அவர்கள் மறுபடி ஆட வேண்டியிருந்தது. ஓவர்டைமில் வேறு கோல் விழவில்லை. ஷூட்அவுட்டில் ஆனி பங்கோவ்ஸ்கியின் கோலோடு அமெரிக்கா பட்டத்தை எடுத்துக்கொண்டது. விளையாட்டில் தோல்விகள் நிறைய பார்த்திருக்கிறோம். ஜெயித்துவிட்டோம் என்று அழுது முடித்த பிறகு மறுபடி களத்துக்கு இறங்கச் சொல்லும் தோல்வி மிகக் கொடியது. அதற்குப் பிறகும் அவர்கள் மீதி ஓவர்டைமில் ஒரு கோல்கூட விடாமல் நின்றார்கள். இதை நான் எப்போதும் தனியாகச் சொல்வேன்.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். சர்வதேசக் கூட்டமைப்பு அன்றே விளக்கம் கொடுத்தது. தாக்கும் அணியின் வீராங்கனை, கிரீஸுக்கு வெளியே இருக்கும் கோல்கீப்பரோடு தற்செயலாக அல்லாமல் மோதினால் அது இடையூறு. அந்த நேரத்தில் விழும் கோல் கணக்கில் வராது. விதி அப்படித்தான் இருக்கிறது. இது தெரியாமல் பலர் "கோல்கீப்பர் கிரீஸுக்கு வெளியே வந்துவிட்டாரே, அப்புறம் என்ன பாதுகாப்பு?" என்று வாதாடுகிறார்கள். வெளியே வந்தாலும் அவரை வேண்டுமென்றே இடிக்கக் கூடாது என்பதுதான் விதி.

ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: அப்படி மோதியவருக்கு இரண்டு நிமிட தண்டனை உண்டு. ஹீரிகொஸ்கிக்கு அன்று தண்டனை கொடுக்கப்படவில்லை. மாறாக, தண்டனை கொடுக்கப்பட்டது ரிக்ஸ்பிக்கு! எதிராளியைத் தடுக்கி விழ வைத்தார் என்பதற்காக. அதாவது களத்திலிருந்த நடுவர்களின் கண்ணுக்கு மோதலில் தவறு செய்தவர் கோல்கீப்பர். வீடியோ அறையின் கண்ணுக்கோ தவறு செய்தவர் ஹீரிகொஸ்கி. ஒரே மோதலில் இந்த இரண்டும் சேர்ந்து எப்படி நிற்கும்? கோல்கீப்பர் தடுக்கிவிட்டதால் ஹீரிகொஸ்கி அவர் மேல் விழுந்தார் என்றால், அந்த மோதல் அவர் தேடிப் போனதில்லை. கோல் செல்ல வேண்டும். அவர் வேண்டுமென்றே இடித்தார் என்றால் தண்டனை அவருக்குப் போயிருக்க வேண்டும், பின்லாந்துக்கு ஓர் ஆள் அதிகமாக ஆடும் வாய்ப்பு கிடைத்திருக்கவே கூடாது.

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பு: கோல் நின்றிருக்க வேண்டும். ஹீரிகொஸ்கி பக்கைத் தொடர்ந்துதான் போகிறார். ரிக்ஸ்பிதான் அவர் பாதையில் வந்து விழுகிறார். களத்தில் கோல் என்று சைகை காட்டியிருந்த நிலையில், அதை மாற்றத் தெளிவான காரணம் வேண்டும். இந்த மோதலில் அந்தத் தெளிவு இல்லை. இதற்கு எதிராக நேர்மையாக வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். மோதல் இல்லாமல் இருந்திருந்தால் ரிக்ஸ்பி எழுந்து அடுத்த ஷாட்டைத் தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதை மதிக்கிறேன், ஏற்கவில்லை. ஆனால் "அமெரிக்காவுக்காகத் திட்டமிட்டுப் பறித்தார்கள்" என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அது ராட்டியையும் இழிவுபடுத்துகிறது, அமெரிக்கப் பெண்களையும் இழிவுபடுத்துகிறது. அந்தப் போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனை விருது ஹீரிகொஸ்கிக்கும், சிறந்த கோல்கீப்பர் விருது ராட்டிக்கும் போனது.

சரி, இரண்டாவது கேள்வி. ஏன் மூன்றாம் இடம்?

பலரும் சொல்லும் பதில், பின்லாந்து சின்ன நாடு, 55 லட்சம் பேர்தான் என்பது. இந்தப் பதில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதே 55 லட்சம் பேரிலிருந்து வந்த ஆண்கள் அணி 1995, 2011, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன். 2022 பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கியது. எஸ்போவில் பெண்கள் தோற்றுச் சரியாக ஆறு வாரத்தில், பிராட்டிஸ்லாவாவில் ஆண்கள் கனடாவை இறுதியில் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். பனியும் உண்டு, அரங்குகளும் உண்டு, பயிற்சியாளர்களும் உண்டு, தலைமுறை தலைமுறையாக வந்த ஆட்ட அறிவும் உண்டு. அதே நாட்டில் அதே ஆட்டத்தில் பெண்களுக்கு மட்டும் கைக்கு எட்டவில்லை என்றால், மக்கள்தொகையைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம்.

வித்தியாசம் அடித்தளத்தில். அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிவு செய்து ஆடும் பெண்களும் சிறுமிகளும் தலா எண்பதாயிரம் அளவில் இருந்தார்கள், அந்த 2019 வாக்கில். பின்லாந்தில் அந்தக் கணக்கு பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. பல ஊர்களில் சிறுமிகளுக்கென்று தனி அணி கிடையாது. பையன்களோடு சேர்ந்து ஆடி வளர்வார்கள், பதின்ம வயதில் உடல் வித்தியாசம் கூடும்போது நல்ல அணி தேடி வேறு ஊருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நின்றுவிட வேண்டும். போதாக்குறைக்கு ரிங்கெட் என்று இன்னொரு பனி விளையாட்டு. பக்குக்குப் பதில் ரப்பர் வளையத்தை நேரான குச்சியால் தள்ளி ஆடுவது, கனடாவில் பிறந்தது, பின்லாந்தில் பெண்களிடையே நன்றாக வேரூன்றியது. ஸ்கேட்டிங் நன்றாக வரும் சிறுமிகளை இரண்டு விளையாட்டுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இறுதியில் சமன் செய்தாரே தபானி, அவர் ரிங்கெட்டிலும் தேசிய அணிக்கு ஆடியவர்.

அடுத்தது பணம். அமெரிக்காவில் 1972-ல் வந்த ஒரு சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. விளையாட்டுக்கும் அது பொருந்தியது. விளைவாகப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு ஹாக்கி அணி அமைத்து, முழு உதவித்தொகை கொடுத்து, ஆண்டு முழுக்கப் பயிற்சியும் போட்டியும் கொடுத்தன. பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை, அதாவது ஒரு வீராங்கனை முழுமை அடையும் வயதில், அவளுக்கு வேறு வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. கனடாவின் சிறந்த பெண்களில் பலரும் அங்கேதான் போய் ஆடுகிறார்கள். பின்லாந்துப் பெண்கள் லீக் 1982 முதல் நடக்கிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதில் ஆட்டத்தை நம்பி வாழக்கூடிய அளவுக்குச் சம்பளம் வாங்குபவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். ஹீரிகொஸ்கி தன் சிறந்த ஆண்டுகளை ஸ்வீடனின் லூலியோ கிளப்பில்தான் ஆடினார்.

ராட்டியின் வாழ்க்கையே இதற்குச் சரியான சாட்சி. அவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆடினார். 2012-13 பருவத்தில் அந்த அணி 41 ஆட்டம் ஆடி 41-லும் ஜெயித்தது, கோலில் நின்றது இவர். 2013 நவம்பரில் லேக் பிளாசிடில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் பின்லாந்து அமெரிக்காவை 3-1 என்று வென்றபோது 58 ஷாட்களைத் தடுத்தார். உலகத்தில் அவரைவிடச் சிறந்த கோல்கீப்பர் அன்று இருந்தாரா என்பது சந்தேகம். 2014 சோச்சி ஒலிம்பிக் முடிந்ததும், இருபத்து நான்கு வயதில், பெண்கள் ஹாக்கியை விட்டு விலகுவதாக அறிவித்தார். காரணம் எளிமையானது: பெண்களுக்குப் பிழைப்புக்கு வழி தரும் தொழில்முறை லீக் எங்குமே இல்லை. பின்லாந்தின் ஆண்கள் இரண்டாம் நிலை லீக்கில் ஆண்களோடு ஆடப் போனார். பிறகு தேசிய அணிக்குத் திரும்பினார், சீனக் கிளப் ஒன்றுக்காகக் கனடிய லீக்கில் ஆடினார். அந்த லீக் தன் கடையை மூடுவதாக அறிவித்த நாள் 2019 மார்ச் 31. எஸ்போ போட்டி தொடங்க நான்கு நாள் முன்பு! தன் பிழைப்பு போன செய்தியோடு வந்துதான் அந்தப் பெண் ஐம்பது ஷாட்களைத் தடுத்தார்.

இந்தப் பற்றாக்குறை பெரிய நாடுகளுக்கும் இல்லாமல் இல்லை. 2017-ல் அமெரிக்கப் பெண்கள் சொந்த நாட்டில் நடக்கவிருந்த உலக சாம்பியன்ஷிப்பையே புறக்கணிப்போம் என்று நின்றார்கள். ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆறு மாதம் மட்டும் மாதம் 1,000 டாலர், மற்ற காலத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மாற்று வீராங்கனைகளைத் தேடியபோது கல்லூரிப் பெண்கள்கூட மறுத்துவிட்டார்கள். போட்டிக்குச் சில நாட்கள் முன்பு அமெரிக்க ஹாக்கிச் சங்கம் இறங்கி வந்தது. எண்பதாயிரம் பேர் ஆடும் நாட்டிலேயே நிலைமை அதுதான் என்றால், பின்லாந்தில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 2017 போட்டியில்தான், மிச்சிகனின் பிளிமத்தில், பின்லாந்து கனடாவை முதன்முதலாக வென்றது, 4-3.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் மூன்றாம் இடத்தை "வெறும் வெண்கலம்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2025 வரை உலக சாம்பியன்ஷிப்பில் பின்லாந்துக்கு 15 வெண்கலம், ஒரு வெள்ளி. ஒலிம்பிக்கில் 1998, 2010, 2018, 2022 என்று நான்கு வெண்கலம். இது தானாக வந்து விழுந்ததல்ல. வெண்கலம் கைவிட்டுப் போன ஆண்டுகளின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: 2001-ல் ரஷ்யா, 2005-லும் 2007-லும் ஸ்வீடன், 2012-ல் சுவிட்சர்லாந்து, 2013-லும் 2016-லும் மறுபடி ரஷ்யா, 2022-லும் 2023-லும் செக். நான்கைந்து நாடுகள் மாறி மாறி வந்து மோதும் அந்த இடத்தை முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் பிடித்து வைத்திருப்பது ஒரே நாடு. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவை எதிர்த்து இரண்டு பகுதிகள் முடிவில் 3-2 என்று முன்னிலையில்கூட இருந்தார்கள். மூன்றாம் பகுதியில் கனடா ஐந்து கோல் அடித்தது. இதுதான் அடித்தளத்தின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் இடம். நாற்பது நிமிடம் யாரோடும் சமமாக ஆடிவிடலாம், நல்ல வீராங்கனைகள் பத்துப் பேர் இருந்தால் போதும். கடைசி இருபது நிமிடத்தில் அந்தப் பத்துப் பேர் களைத்துப்போகும்போது அதே தரத்தில் இன்னும் பத்துப் பேர் பெஞ்சில் இருக்க வேண்டும். கனடாவிடம் இருந்தார்கள். எதிராளியின் ஷாட்களை எல்லாம் விழுங்கும் ஒரு கோல்கீப்பர் கிடைக்கும்போது மட்டுமே சின்ன அடித்தளம் உள்ள அணி அந்த இருபது நிமிடத்தைத் தாண்டுகிறது. பின்லாந்தின் பெரிய வெற்றிகளில் பெரும்பாலானவற்றில் ராட்டி இருப்பது தற்செயல் இல்லை.

ரீக்கா சல்லினென் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1998 நகானோவில் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது, அமெரிக்க, கனடிய நட்சத்திரங்கள் எல்லோரையும் தாண்டி அதிகப் புள்ளி எடுத்தவர் இவர்: ஏழு கோல், ஐந்து கோலுக்கு உதவி. அப்போது பெயர் ரீக்கா நியமினென். பின்னர் பல ஆண்டுகள் ஆட்டத்தை விட்டு விலகி இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் திரும்பி வந்தார். 2018 பியோங்சாங்கில் 44 வயதில் மறுபடி வெண்கலம். முதல் பதக்கத்துக்கும் அதற்கும் இருபது ஆண்டு இடைவெளி. 2022-ல் டொராண்டோவில் உள்ள ஹாக்கி புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார், ஐரோப்பியப் பெண்களில் அவர்தான் முதல். அவரது கதையைக் கேட்டு நெகிழ்வது நியாயம். ஆனால் 44 வயதில் ஒருவர் தேசிய அணியில் இடம் பிடிக்க முடிந்தது என்பதில், அவருக்குப் பின்னால் வந்த வரிசை எவ்வளவு மெலிந்திருந்தது என்பதும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2010 வான்கூவரில் ஸ்லோவாக்கியா கனடாவிடம் 18-0 என்று தோற்றது. அதே ஸ்லோவாக்கியா தகுதிச்சுற்றில் பல்கேரியாவை 82-0 என்று அடித்து வந்த அணி. அந்த ஒலிம்பிக்கின்போதுதான் ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜாக் ரோகே, மற்ற நாடுகள் முன்னேறாவிட்டால் இந்த விளையாட்டு இப்படியே தொடர முடியாது என்று எச்சரித்தார். அதற்குப் பிறகு போட்டி முறையே மாறியது. தரவரிசையில் மேலே இருப்பவர்களை ஒரே குழுவில் போட்டு, வலிமையான அணிகள் ஒன்றோடொன்று ஆடட்டும், மற்றவர்கள் தங்களுக்குச் சமமானவர்களோடு ஆடட்டும் என்றார்கள். இதனால் பின்லாந்து ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்காவையும் கனடாவையும் சந்திக்கிறது, வழக்கமாகத் தோற்கிறது. இது கொடுமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வேகத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சந்திக்காத அணி, எஸ்போ அரையிறுதியில் 6-1 தோல்வியிலிருந்து அப்படித் திரும்பி வந்திருக்க முடியாது.

எஸ்போவுக்குப் பிறகு நேராக மேலே ஏறினார்களா என்றால், இல்லை. 2021-ல் மறுபடி வெண்கலம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் அணியில் ராட்டியைச் சேர்க்கவில்லை. பயிற்சியாளர் பாசி முஸ்தொனெனின் இந்த முடிவு நாட்டில் பெரிய சச்சரவானது. முஸ்தொனென் குடும்பக் காரணத்தால் ஒலிம்பிக் பாதியிலேயே ஊர் திரும்ப, யூசோ தொய்வொலா பொறுப்பேற்று, சுவிட்சர்லாந்தை 4-0 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் டென்மார்க்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஆறாம் இடம், ஜப்பானுக்கும் பின்னால். அதனால் 2023-ல் கீழ்க்குழுவில் ஆட வேண்டிய நிலை. மூன்றாம் இடம் பின்லாந்துக்கு எழுதி வைத்த சொத்து என்று நினைத்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் பதில் சொல்லிவிட்டன. 2024-ல் யூட்டிகாவில் செக் அணியை ஷூட்அவுட்டில் வென்று வெண்கலத்தை மீட்டார்கள். 2025-ல் செக் மண்ணிலேயே, செக் ரசிகர்கள் நிறைந்த அரங்கில், ஓவர்டைமில் 4-3.

இனி மாறுமா என்று கேட்டால், இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள் என்பேன். 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் பி.டபிள்யூ.எச்.எல். என்ற தொழில்முறைப் பெண்கள் லீக் தொடங்கியது, ஆறு அணிகளோடு. ராட்டி 2014-ல் எது இல்லை என்று விலகினாரோ அது இப்போது இருக்கிறது. தபானியும் ரோன்யா சவொலைனெனும் அங்கே போனார்கள். சம்பளம் வாங்கி, தினமும் உலகின் சிறந்தவர்களோடு பயிற்சி எடுக்கும் பின்லாந்துப் பெண்கள் நான்கைந்து பேராக இல்லாமல் பத்துப் பதினைந்து பேராக ஆனால், அந்தக் கடைசி இருபது நிமிடத்தின் கணக்கு மாறும். இரண்டாவது, உள்நாடு. பெண்கள் லீக்குக்கு 2024-ல் அவ்ரோராலீகா என்று புதுப்பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மாறுவதால் யாருக்கும் சம்பளம் வராது. யூவாஸ்கூலா, ஓலு போன்ற பின்லாந்து ஊர்களில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி ஊரை விட்டுப் போகாமலேயே நல்ல பயிற்சியோடு ஆடி வளர முடிகிறதா என்பதைப் பாருங்கள். வெளிநாட்டு லீக் ஏற்கெனவே வளர்ந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும், அவர்களை வளர்த்துக் கொடுக்க வேண்டியது பின்லாந்துதான்.